‘டாக்’ ஹாட்டா மேல் இரக்கம் எதற்கு?

முள்ளங்கி:
கொரிய-அமெரிக்க எழுத்தாளர் சாங்-ரே லீ 1999இல் எழுதிய ‘எ ஜெஸ்சர் லைஃப்’ நாவலை நேற்று முடித்தேன். நியூயார்க் புறநகரில் சர்ஜிகல் கடை நடத்தி ஓய்வுபெற்றவர் ஹாட்டா. டாக்டர் இல்லை, ஊர்தான் ‘டாக்’ என்று கூப்பிடுகிறது. பிறப்பால் கொரியர், ஜப்பானியர் வீட்டில் வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவில் ஜப்பானியப் படையின் மருத்துவ உதவியாளர். சிப்பாய்களின் பாலியல் தேவைக்கென்று கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட கொரியப் பெண்களின் உடல்நலம் இவர் பொறுப்பு. அவர்களில் ஒருத்தியைக் காதலித்தாராம். அவளுக்காக ஒரு துரும்பையும் கிள்ளிப் போடவில்லை. அவளுக்குப் பெயர்கூட ‘கே’ என்று ஒற்றை எழுத்து. கிழவரின் நீச்சல் குளத்துக்கோ பக்கம் பக்கமாக வர்ணனை!

ஆற்றுமணல்:
சுருக்கியது ஹாட்டா, லீ அல்ல. அவள் பெயர் குத்தே, ‘கடைசி’ என்று பொருள், நாவலிலேயே இருக்கிறது. ஹாட்டாவின் பெயரையும் பாருங்கள். முதலில் அவர் குரோஹாட்டா, அதற்கு ஜப்பானிய மொழியில் கறுப்புக் கொடி. குத்தேயைத் தனியே அடைத்துவைக்கும் படை மருத்துவர் கேப்டன் ஓனோ அடையாளமாக வைப்பதும் கறுப்புக் கொடிதான். அமெரிக்காவில் இவர் கறுப்பைக் கழற்றிவிட்டு வெறும் கொடியாகிவிட்டார். இது இரக்கமா, குற்றப்பத்திரிகையா?

முள்ளங்கி:
கொடி விஷயம் எனக்குத் தட்டுப்படவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜப்பானியப் படை நிஜத்தில் அப்படிக் கொண்டுபோன கொரியப் பெண்களில் ஒருவரான கிம் ஹாக்-சுன் 1991இல் தன் பெயரோடும் முகத்தோடும் வந்து, தனக்கு நடந்ததைப் பேசிவிட்டார். அதன்பிறகும் பேனாவை ஏன் பக்கத்தில் நின்று பார்த்தவனிடம் கொடுக்கவேண்டும்?

ஆற்றுமணல்:
லீ முதலில் அந்தப் பெண்ணின் குரலில்தான் எழுதினார். கொரியாவுக்குப் போய் உயிரோடிருந்த பெண்களைச் சந்தித்த பிறகு, தான் எழுதியது அவர்கள் சொன்னதற்கு உறை போடக் காணாது என்று ஒதுக்கிவிட்டார். அவர்கள்தான் பேசுகிறார்களே. பார்த்தவன்தான் வாய் திறக்கவில்லை.

தெருக்கோடி:
இருவரும் சன்னியை மறந்துவிட்டீர்கள். ஹாட்டா கொரியாவிலிருந்து தத்தெடுத்த மகள். வந்து இறங்கியதும் அவள் முடியையும் நிறத்தையும் பார்த்து இவருக்குள் ஓர் ஏமாற்றம். பின்னால் அவளே முகத்துக்கு நேராகச் சொல்கிறாள்: சைகைகளாலும் மரியாதையாலும் மட்டுமே ஒரு வாழ்க்கையைக் கட்டிவிட்டீர்கள் என்று. நாவலின் தலைப்பே அதுதான்.

முள்ளங்கி:
அந்த இடம் சுட்டது, மறுக்கவில்லை. இருந்தாலும் காட்டில் கொல்லப்பட்ட குத்தேயின் உடலை ஹாட்டா சேகரிக்கும் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். வாசனை தெரியவில்லை, காது கேட்கவில்லை, கைகளில் உணர்வே இல்லை என்கிறார். உங்களுக்கு அது துக்கம். எனக்கு அது அவருடைய பழைய வழக்கம்.