ரயில் நிலையத் தோட்டமும் கூரைச் சூரிய மின்சாரமும்: பங்கு வாங்குமுன் சில ஐயங்கள்

கேள்வி (லண்டன் வாசகர்)

அனைவருக்கும் வணக்கம். லண்டன் ஓவர்கிரவுண்ட் ரயில் நிலையங்கள் பலவற்றில் ‘எனர்ஜி கார்டன்’ திட்டத்தின் கீழ் அக்கம்பக்கத்து மக்கள் தோட்டம் வளர்க்கிறார்கள். எங்கள் பகுதி நிலையத்திலும் நடைமேடையை ஒட்டிச் செடிகள் வைத்திருக்கிறார்கள். நானும் அவ்வப்போது தண்ணீர் ஊற்றவும் களை எடுக்கவும் போவதுண்டு. இத்தகைய திட்டங்கள் தோட்டத்தையும் சூரிய மின்சாரத்தையும் ஒரே அமைப்பில் இணைத்து, அதற்கான முதலீட்டை மக்களிடமே பங்குகளாகத் திரட்டுகின்றன. இவற்றில் ஒன்றில் பங்கு வாங்கும் எண்ணம் எனக்கு உண்டு. ஆனால் கூரையில் உண்டாகும் மின்சாரம் உண்மையில் எங்கே போகிறது, அதனால் ரயில் ஓடுமா? ‘மக்களுக்குச் சொந்தம்’ என்பதற்குச் சட்டத்தில் என்ன பொருள், போட்ட பணம் திரும்புமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் (மின்பொறியாளர்)

நடைமேடைக் கூரைகள் பெரும்பாலும் குறுகலானவை; அருகிலுள்ள கட்டடங்களின் நிழலும் அவற்றின் மேல் விழும். ஆகவே இவ்வகைத் திட்டங்களுக்கு ரயில் பணிமனைகளின் அகன்ற கூரைகளே ஏற்றவை. அங்கே பகலெல்லாம் விளக்குகளும் பட்டறைக் கருவிகளும் இயங்குவதால், உண்டாகும் மின்சாரம் அந்த இடத்திலேயே செலவாகிவிடும். பொது மின்தொகுப்புக்கு விற்றால் கிடைக்கும் விலையைவிட, அங்கேயே பயன்படுத்துபவரிடம் விற்றால் கிடைக்கும் விலை பொதுவாக அதிகம் என்பதால், திட்டத்தை நடத்தும் சங்கத்தின் வருமானமும் இதைப் பொறுத்தே அமைகிறது.

அளவைப் புரிந்துகொள்ள பிளாக்ஃப்ரையர்ஸ் நிலையத்தைப் பாருங்கள். தேம்ஸ் ஆற்றின் மேல் நிற்கும் அந்த ரயில் பாலத்தின் கூரையில் சுமார் 4,400 சூரியத் தகடுகள் உள்ளன. 2014 ஜனவரியில் பணி நிறைவுற்றது. 1.1 மெகாவாட் திறனுள்ள அந்தக் கூரை, நிலையத்தின் மின்தேவையில் ஏறத்தாழப் பாதியை ஈடுசெய்யும் என்று திட்டமிடப்பட்டது. அவ்வளவு பெரிய கூரையும் நிலையத்துக்கே முழுமையாகப் போதவில்லை என்றால், சிறிய கூரையிலிருந்து ரயிலை ஓட்டுவதை எதிர்பார்க்க முடியாது. பிளாக்ஃப்ரையர்ஸ் கூரை மக்களுக்குச் சொந்தமான அமைப்பும் அன்று.

எனினும் ரயிலுக்கே நேரடியாக மின்சாரம் தரும் முயற்சி ஒன்று இருக்கிறது. தென் இங்கிலாந்தின் பல தடங்களில், ரயிலுக்கு மின்சாரம் தருவதற்கென்றே போடப்பட்ட மூன்றாவது தண்டவாளத்தின் வழியாக 750 வோல்ட் நேர்மின்சாரம் (DC) பாய்கிறது. சூரியத் தகடு தருவதும் நேர்மின்சாரமே. வழக்கமான ஏற்பாட்டில் அதை மாறுமின்சாரமாக்கி (AC) தொகுப்பில் சேர்த்து, ரயில்வே துணைமின் நிலையத்தில் மீண்டும் நேர்மின்சாரமாக்குகிறார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் இழப்பு. இந்தச் சுற்றுவழியைத் தவிர்க்கலாம் என்று ஒரு காலநிலை அறக்கட்டளையும் இம்பீரியல் கல்லூரியும் சேர்ந்து ஆராய்ந்ததிலிருந்து ‘ரைடிங் சன்பீம்ஸ்’ என்ற அமைப்பு உருவானது. 2019 ஆகஸ்டில் ஆல்டர்ஷாட் அருகே நூற்றுக்கும் மேற்பட்ட தகடுகளை நிறுவி, சமிக்ஞைகளுக்கும் விளக்குகளுக்கும் மின்சாரம் தந்து சோதித்தார்கள். அது சிறிய தொடக்கம்தான். ஆனால் தடத்தோரத்து மக்கள் தங்கள் ரயிலுக்குத் தாங்களே மின்சாரம் விற்கும் நாள் வர வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

பதில் (கூட்டுறவுக் கணக்காளர்)

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இத்தகைய அமைப்புகள் பெரும்பாலும் பிரிட்டனின் 2014-ஆம் ஆண்டுக் கூட்டுறவு, சமூக நலச் சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்படுகின்றன. ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் அவருக்கு ஒரே வாக்கு. ஐம்பது பவுண்டு போட்டவரின் கையும் பத்தாயிரம் போட்டவரின் கையும் பொதுக்கூட்டத்தில் சமம். இதுதான் ‘மக்களுக்குச் சொந்தம்’ என்பதன் உயிர்நாடி என்பேன். 2012-இல் லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் உள்ள லஃப்பரோ குடியிருப்புக் கூரையில் 37 கிலோவாட் அளவில் தொடங்கிய கூட்டுறவும் மக்களிடம் திரட்டிய பங்குகளைக் கொண்டே நின்றது.

அதே வேளையில் இந்தப் பங்கைப் பங்குச் சந்தைப் பங்காக நினைத்துவிடக் கூடாது. இதன் மதிப்பு உயராது; இழப்பு வந்தால் குறையலாம். வெளியே விற்க வழியில்லை. சங்கத்திடமிருந்தே திரும்பப் பெற வேண்டும், அதுவும் இயக்குநர்கள் இசைந்தால்தான். வங்கி வைப்புக்கு உள்ள இழப்பீட்டுப் பாதுகாப்பும் இதற்கு இல்லை. உற்பத்தியாகும் மின்சாரத்தின் அளவுக்கேற்பப் பணம் தரும் வகையில் பிரிட்டன் அரசு 2010-இல் தொடங்கிய ஊக்கத்தொகைத் திட்டம் 2019 மார்ச் இறுதியில் புதியவர்களுக்கு மூடப்பட்டதால், அதற்குப் பின் அமைந்த கூரைகள் மின்விற்பனை வருமானத்தையே பெரிதும் நம்பியிருக்கின்றன. அந்த முடிவு சிறு சங்கங்களைக் கடுமையாகப் பாதித்தது. அதை அநீதி என்றே கருதுகிறேன்.

பதில் (தோட்டப் பணியாளர்)

தோட்டத்தைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும். சூரியத் தகடு நிறுவிய பிறகு தினசரி வேலை கேட்பதில்லை, தோட்டம் கேட்கும். மண், விதை, கருவி, பயிற்சி அனைத்துக்கும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். மானியம் ஒருமுறை வந்து தீர்ந்துவிடும். மின்விற்பனையில் மிஞ்சும் பணமோ ஆண்டுதோறும் வரக்கூடியது. இரண்டையும் ஒரே அமைப்பில் வைப்பதற்கு இதுவே வலுவான காரணம்.

ரயில் நிலத்துக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. பழைய தடத்தோர மண்ணில் நிலக்கரிச் சாம்பலும் களைக்கொல்லியும் கலந்திருக்கக்கூடும் என்பதால், கீரையும் மூலிகையும் வளர்ப்பதானால் வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணை நிரப்பிய உயர்த்திய பாத்திகளே நல்லது. தண்டவாளத்தில் விழும் இலைகள் நசுங்கி வழுக்கலை உண்டாக்குவதால் இலையுதிர் மரங்களை ஓரத்தில் வைக்கக் கூடாது. கொடிகள் சமிக்ஞையையோ கேமராவையோ மறைக்கக் கூடாது. லண்டனில் ஆண்டு மழை 600 மில்லிமீட்டர் அளவே என்பதால், கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் சேர்த்து, லாவெண்டர், ரோஸ்மேரி, தைம் போன்ற வறட்சி தாங்கும் செடிகளை வைத்தால் கோடையிலும் தாக்குப்பிடிக்கும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பங்கு வெளியீட்டு ஆவணத்தைப் படிக்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில் (கூட்டுறவுக் கணக்காளர்)

கூரைக் குத்தகையைப் பாருங்கள். தகடு மக்களுடையது, கூரை போக்குவரத்து நிறுவனத்துடையது. குத்தகை எத்தனை ஆண்டு, கட்டடத்தை இடித்தாலோ விற்றாலோ இழப்பீடு யார் தருவார், மின்சாரத்தை வாங்குபவர் மாறினால் ஒப்பந்தம் புதியவரைக் கட்டுப்படுத்துமா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். அடுத்து, தகட்டின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் கருவியான இன்வெர்ட்டரை ஒருமுறையேனும் மாற்றுவதற்கான ஒதுக்கீடு கணக்கில் உள்ளதா என்று பாருங்கள். தோட்டத்துக்கான தொகை பங்குதாரர் வட்டிக்கு முன் ஒதுக்கப்படுகிறதா, பின் ஒதுக்கப்படுகிறதா என்பதையும் கேளுங்கள். ஆவணத்தில் அது தெளிவாக இல்லையெனில் இயக்குநர்களுக்கு எழுதி, பதிலை எழுத்திலேயே பெற்றுக்கொள்ளுங்கள்.