காப்பி லேபிளில் டைப், கைண்ட், வெரைட்டி, கிரேடு: எதை எங்கே போடுவது?

ஏற்காட்டுக்காரி கேட்கிறார்:

ஒண்டிக்கடை தாண்டி உள்ளே போனால் எங்களுக்கு ஐந்து ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. தாத்தா வைத்தது, இப்போது அப்பா பார்க்கிறார். சில்வர் ஓக் நிழல், மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, ஊடே நாலு ஆரஞ்சு மரம். கீழ்ப்பக்கம் மாமா தோட்டத்தில் ரோபஸ்டா. இதுவரை காய வைத்த காப்பியை மூட்டையாக வியாபாரியிடம் போட்டுவிட்டு வந்துவிடுவோம். இந்த வருஷம்தான் முதல் தடவையாக எங்கள் பெயரிலேயே கால் கிலோ பாக்கெட் போடுகிறோம். ஆங்கிலத்தில் லேபிள் எழுதும் வேலை என்னிடம் வந்தது.

‘வி ஹேவ் சிக்ஸ் டைப்ஸ் ஆஃப் காஃபி’ என்று எழுதி, அதற்குக் கீழே அரபிகா, ரோபஸ்டா, எஸ்.795, பிளாண்டேஷன் ஏ, பீபெரி, செர்ரி என்று வரிசையாகப் போட்டேன். வெளியூரில் காப்பி வறுத்து விற்கும் ஒருவருக்கு அந்தப் பட்டியலை அனுப்பினேன். இரண்டே வரியில் பதில் வந்தது. ‘உங்கள் எஸ்.795 அரபிகா இல்லையா? பீபெரி எதனுடைய பீபெரி?’

போய் மூட்டையைப் பார்த்தேன். அரபிகா என்று எழுதியதும் அந்த மூட்டைதான், எஸ்.795 என்று எழுதியதும் அதுதான், பிளாண்டேஷன் ஏ என்று எழுதியதும் அதேதான். ஒரு மூட்டையை மூன்றாக எண்ணி எழுதியிருக்கிறேன். வாங்குகிறவரை ஏமாற்றின மாதிரி ஆகிவிட்டதே என்று இரண்டு நாளாக மனசு கேட்கவில்லை.

அகராதியைப் புரட்டினால் கைண்ட் என்றாலும் வகை, டைப் என்றாலும் வகை, சார்ட், வெரைட்டி, கேட்டகரி எல்லாமே வகை. ஆனால் அப்பா பேசும்போது குழப்பமே வராது. ‘இது என்ன ரகம்’ என்று செடியைப் பார்த்துக் கேட்பார். ‘என்ன தரம் தேறும்’ என்று கொட்டையைப் பார்த்துக் கேட்பார். அவர் ஒருநாளும் மாற்றிச் சொல்லிக் கேட்டதில்லை. அந்தத் தெளிவு ஆங்கிலத்தில் எப்படி வரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி டீச்சர்:

கண்ணு, மனசை விடாதே. சேலத்தில் 31 வருஷம் ஆங்கிலம் நடத்தியிருக்கிறேன், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள்.

உன் பட்டியலை மாம்பழத்துக்கு மாற்றிப் பார். ‘எங்களிடம் நாலு வகை மாம்பழம்: மல்கோவா, பெரியது, ஒட்டு மரத்துப் பழம், வைக்கோலில் பழுக்க வைத்தது.’ நம் ஊர்ச் சந்தையில் யாராவது இப்படிக் கூவுவார்களா? மல்கோவா, இமாம்பசந்த், நடுசாலை, சேலம் குண்டு என்றுதான் கூவுவார்கள். ஒரு பட்டியல் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். உன் பட்டியல் நாலு கேள்விக்குச் சேர்த்துப் பதில் சொல்கிறது. டைப் என்பதை எடுத்துவிட்டுக் கைண்ட் என்று போட்டாலும் அந்தக் கோளாறு போகாது.

அப்பா சொல்லும் சொற்களையே பிடித்துக்கொள். இனம், ரகம், பக்குவம், தரம்.

அரபிகாவும் ரோபஸ்டாவும் பிறப்பிலேயே வேறு. அரபிகாவுக்கு 44 குரோமோசோம், ரோபஸ்டாவுக்கு 22. ரோபஸ்டா என்பது நாம் கூப்பிடும் பெயர், தாவரவியலில் அதற்குக் காஃபியா கேனிஃபோரா என்று பெயர். இதற்கு ஆங்கிலத்தில் ஸ்பீஷீஸ். ஒன்று என்றாலும் ஸ்பீஷீஸ், பத்து என்றாலும் ஸ்பீஷீஸ். கடைசி ‘ஸ்’ஸை வெட்டி ‘ஸ்பீஷி’ என்று எழுதிவிடாதே, அதற்கு நாணயமாக உள்ள பணம் என்று அர்த்தம். வருஷத்துக்கு நாலு பேராவது பரீட்சைத் தாளில் அப்படி எழுதுவார்கள்.

எஸ்.795 அரபிகாவுக்குள் ஒரு ரகம். கர்நாடகத்தில் பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ்.288 என்ற ரகத்தைக் கென்ட் என்ற இன்னொரு அரபிகா ரகத்தோடு சேர்த்து உண்டாக்கினார்கள். இது வெரைட்டி. தாவரவியல்காரர்கள் கறாராகப் பேசினால், தானாக அமைந்ததைத்தான் வெரைட்டி என்பார்கள், மனுஷன் தேர்ந்தெடுத்து வளர்த்ததற்குக் கல்டிவார் என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். 1923இல் பெய்லி என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் உண்டாக்கிய சொல் அது. உன் லேபிளுக்கு வெரைட்டி போதும், காப்பி வாங்குகிறவர்களுக்கு அதுதான் பழக்கம். ‘வெரைட்டல்’ என்று பகட்டாக எழுதுகிறவர்களைப் பார்த்து நீயும் எழுதாதே. அது ஒயின் லேபிளிலிருந்து வந்த சொல்.

வெரைட்டியில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘எ வெரைட்டி ஆஃப் அரபிகா’ என்றால் ஒரே ரகம். ‘எ வெரைட்டி ஆஃப் காஃபீஸ்’ என்றால் பலவிதமான காப்பிகள். ஒரே சொல்தான், பின்னால் வருவது ஒருமையா பன்மையா என்பதில் அர்த்தமே புரண்டுவிடும். எழுதியதும் வாய்விட்டு வாசித்துப் பார்.

அப்புறம் கைண்டும் டைப்பும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கைண்ட் என்பது பழைய ஆங்கிலச் சொல், உறவினரைக் குறிக்கும் கின் என்ற சொல்லோடு ஒரே வேர். நாமும் இனம் என்ற சொல்லில் சுற்றத்தையும் சொல்கிறோம், மாட்டினத்தையும் சொல்கிறோம். டைப் கிரேக்கத்திலிருந்து வந்தது. அடி, அடித்ததால் பதிந்த தடம் என்று அர்த்தம், அதனால்தான் அச்செழுத்துக்கும் டைப் என்று பெயர். ‘அப்பனை அச்சில் வார்த்த மாதிரி’ என்கிறோமே, அந்த அச்சுதான். அமைப்பில் ஒத்துப்போவதைச் சொல்ல டைப், இயல்பில் ஒத்துப்போவதைச் சொல்ல கைண்ட். பேச்சில் இரண்டும் கலந்துதான் ஓடுகிறது, யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். சார்ட், கைண்டுக்குத் தம்பி மாதிரி, இன்னும் கொஞ்சம் பேச்சுவழக்கு. லேபிளுக்கு வேண்டாம்.

கேட்டகரி என்பது நாமே முன்கூட்டிப் போட்டுவைத்த அறை. உன் கடையில் காப்பி ஒன்று, மிளகு ஒன்று, தேன் ஒன்று என்று பிரித்தால் அவை கேட்டகரி. எஸ்.795ஐக் கேட்டகரி என்று எழுதினால் காதில் இடிக்கும்.

‘திஸ் கைண்ட் ஆஃப் காஃபி’, ‘தீஸ் கைண்ட்ஸ் ஆஃப் காஃபி’. ‘தீஸ் கைண்ட் ஆஃப்’ என்று மட்டும் எழுதாதே.

மேச்சேரி ஆட்டுப்பட்டி:

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் மேச்சேரி செம்மறி வளர்க்கிறோம். செம்மறி என்பது ஸ்பீஷீஸ், மேச்சேரி என்பது ப்ரீட். மயிலம்பாடி, கீழக்கரிசல் எல்லாம் வேறு வேறு ப்ரீட். செடிக்கு வெரைட்டி, ஆடு மாட்டுக்கு ப்ரீட். ஒருமுறை விற்பனை விளம்பரத்தில் ‘மேச்சேரி வெரைட்டி ஷீப்’ என்று போட்டேன், பார்த்த கால்நடை மருத்துவர்தான் திருத்தினார். செம்மறியையும் வெள்ளாட்டையும் ஒரே ப்ரீட் பட்டியலில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். தங்கச்சி செய்த தவறும் அதே ஜாதிதான், அதனால் ரொம்ப வருத்தப்பட வேண்டாம்.

இரும்பாலை ரோடு:

நான் எவர்சில்வர் பட்டறையில் இருக்கிறேன், கிரேடு பற்றி மட்டும் சொல்கிறேன். கிரேடு என்றாலே உசத்தி தாழ்த்தி என்று நினைத்துக்கொள்கிறோம். எஃகில் அப்படி இல்லை. 304, 316, 430 எல்லாமே கிரேடுதான், ஆனால் 316 என்பது 304க்கு மேல் மார்க் வாங்கினது என்று அர்த்தமில்லை. 316இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேரும், உப்புக் காற்றைத் தாங்கும். 430இல் நிக்கல் சேர்ப்பதில்லை, காந்தம் ஒட்டும். எந்த வேலைக்கு எது என்பதுதான் கேள்வி. எங்களிடம் கிரேடு என்றால் கலவை. காப்பியில் என்ன கணக்கு என்று அக்கா சொன்னால் தெரிந்துகொள்வேன்.

ஏற்காட்டுக்காரி:

டீச்சர், உங்கள் பதிலை அச்செடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். அண்ணா, சார், உங்கள் இருவருக்கும் நன்றி.

காப்பியில் கிரேடு சல்லடைக் கணக்கு சார். பிளாண்டேஷன் ஏ என்றால் 6.65 மில்லிமீட்டர் ஓட்டைச் சல்லடையில் நிற்க வேண்டும், பி என்றால் 6 மில்லிமீட்டர். உடைந்தது, கறுத்தது எத்தனை இருக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. ஆனால் கோப்பையில் ருசி எப்படி என்று சல்லடை சொல்லாது. நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது. பெரிய கொட்டை என்பதற்காக ‘பெஸ்ட் கிரேடு’ என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டேன்.

இன்னும் ஒரு சந்தேகம், டீச்சர். பீபெரி எதில் சேரும்? அது தனி ரகம் இல்லை. எல்லாச் செடியிலும் கொஞ்சம் காய்க்கும். பழத்துக்குள் இரண்டு கொட்டை முகத்தோடு முகம் ஒட்டி இருப்பதற்குப் பதிலாக ஒன்றே ஒன்று உருண்டையாக இருக்கும். மற்றது ஒரு பக்கம் தட்டை, உள்ளங்கையில் போட்டால் அப்படியே படுத்துக்கொள்ளும். பீபெரி பட்டாணி மாதிரி உருண்டு விரலிடுக்கில் ஓடும். உருவத்தில் இத்தனை வித்தியாசம் இருப்பதால்தான் அதைத் தனி டைப் என்று எழுதினேன்.

அஸ்தம்பட்டி டீச்சர்:

உருவத்தை வைத்து டைப் என்று நினைத்தது நல்ல யோசனைதான் கண்ணு, சொல்லின் வேரோடும் பொருந்துகிறது. ஆனால் அது எந்த நேரத்தில் மற்றதிலிருந்து பிரிகிறது என்று பார். செடியில் பிரிகிறதா?

ஏற்காட்டுக்காரி:

இல்லை. சலித்துத் தரம் பிரிக்கும்போதுதான். அப்படியானால் கிரேடு. புரிந்துவிட்டது டீச்சர்.

செர்ரியும் இப்போது சரியாகிவிட்டது. பழத்தைத் தோலோடு அப்படியே களத்தில் காய வைத்தால் செர்ரி. தோல் நீக்கி, வழவழப்புப் போகக் கழுவிக் காய வைத்தால், அரபிகாவுக்குப் பிளாண்டேஷன், ரோபஸ்டாவுக்குப் பார்ச்மெண்ட். அது நாங்கள் செய்த பக்குவம். அதற்குப் பிராசஸ் என்று தனி வரி போட்டுவிட்டேன். ‘சிக்ஸ் டைப்ஸ்’ போய்விட்டது. இப்போது ஒவ்வொரு பாக்கெட்டிலும் நாலே வரி:

ஸ்பீஷீஸ்: அரபிகா
வெரைட்டி: எஸ்.795
பிராசஸ்: வாஷ்டு
கிரேடு: பிளாண்டேஷன் ஏ

பீபெரி பாக்கெட்டில் கடைசி வரி மட்டும் மாறும். மாமாவின் ரோபஸ்டாவுக்கு நாலும் மாறும். அந்த வறுவல்காரருக்கும் பழைய பட்டியல் தவறு என்று எழுதி, இதை அனுப்பிவிட்டேன்.

நேற்று ராத்திரி அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் அவர் சொல்லையே சொன்னேன்: இனம், ரகம், பக்குவம், தரம். கேட்டுக்கொண்டே இருந்தவர், ‘தரத்தை எதுக்கு இவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருக்கே? அது மிஷின்ல சலிச்சா வந்துடும். ரகத்தைப் பெரிசாப் போடு, அது தாத்தா பார்த்து வச்சது’ என்றார். அச்சகத்துக்குப் போன் செய்து நிறுத்தி வைத்திருக்கிறேன். காலையில் எழுத்தை மாற்றிக் கொடுக்க வேண்டும்.