ஜப்பான் யுனிவர்சிட்டிக்கும் பேஸ்பாலுக்கும் பிரதமருக்கும் என்ன சம்பந்தம்?

மார்த்தாண்டம்காரன்:
அண்ணன்மாரே அக்காமாரே, ஒரு சந்தேகம். எங்க சித்தி மோன் நாகர்கோவில்ல ஜப்பான் பாஷை படிக்கான், வாய தொறந்தா வசேடா வசேடான்னுதான் பேச்சு. என்னன்னு நெட்டுல பாத்தா ஒரே யுனிவர்சிட்டி பேருல ஒரு பக்கம் பிரதமர் லிஸ்ட், ஒரு பக்கம் பேஸ்பால், ஒரு பக்கம் எழுத்தாளர் முரகாமி பேருல லைப்ரரி. நம்ம காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் டே வருஷத்துக்கு ஒருக்கா, ஆண்டு மலர் ஒண்ணு, அதையும் யாரும் பிரிச்சுப் பாக்கமாட்டாங்க. அங்க மட்டும் ஏன் எல்லாம் இப்பிடி பின்னிக் கெடக்கு?

தக்கலை_டீக்கடை:
மக்கா, அது ஆரம்பிச்சதே அரசியல்ல இருந்துதான். ஓகுமா ஷிகெனோபுன்னு ஒரு மந்திரி, 1881-ல அரசாங்கத்துல இருந்து வெளிய தள்ளிட்டாங்க, அடுத்த வருஷமே கட்சி ஆரம்பிச்ச கையோட வசேடாவையும் ஆரம்பிச்சாரு, பிறகு ரெண்டு தடவ பிரதமரும் ஆனாரு. ஆனா இந்த மாதிரி தனியார் காலேஜுக்கு சட்டப்படி யுனிவர்சிட்டி அந்தஸ்து கெடச்சதே 1920-லதான், அதுவரை அது அரசாங்கத்தோட இம்பீரியல் யுனிவர்சிட்டிக்கு மட்டும். அந்தஸ்து இல்லாதவன் பேரெடுக்க வேற வழி பாக்கணும்லா? வசேடா 1891-ல இலக்கியப் பத்திரிகை போட்டுது, அதோட போட்டிக் காலேஜ் கெய்யோ, அதுவும் தனியார்தான், 1910-ல போட்டுது. பேச்சு மன்றம் வேற, தகேஷிதா, கைஃபு, ஓபுச்சி, மோரி நாலு பிரதமரும் வசேடா பேச்சு மன்றத்து ஆளுங்கதான். இதுல மோரி ரக்பி ஆடத்தான் சேந்தாரு, அத விட்டுட்டு பேச்சுக்குப் போனவரு.

பேஸ்பால் கதை இன்னும் தமாசு. 1903-ல வசேடா கெய்யோவுக்கு சவால் லெட்டர் எழுதி ஆரம்பிச்சுது. 1906-ல ஜெயிச்ச கூட்டம் எதிர்க்காலேஜ் ஸ்தாபகர் வீட்டு வாசல்லயே போய் நின்னு கோஷம் போட, ரகளை ஆகும்னு பயந்து மேட்ச நிறுத்துனாங்க, மறுபடி ஆடினது 1925-ல!

குளச்சல்_அக்கா:
பேஸ்பால விடுங்க, காலேஜ் டீமுங்க ஓடுற ஹகோனே ரிலே ஓட்டத்த யூடியூப்ல ஒருக்கா பாருங்க. ஜனவரி 2, 3 ரெண்டு நாளு, டோக்கியோல இருந்து ஹகோனே மலை ஏரி வரை போய் மறுநாள் திரும்பணும், 217 கிலோமீட்டர், 10 பேரு. போறதுக்கு மட்டும் நாகர்கோவில்ல இருந்து திருநெல்வேலி தாண்டிப் போற தூரம். தோள்ல குறுக்க போட்ட துணிப்பட்டையத்தான் கைமாத்தணும். முன்னால போற டீமுக்கு ரொம்ப பிந்திட்டா, அடுத்தவன வேற பட்டையோட கிளப்பி விட்டுருவாங்க, ஓடி வாறவன் தன் பட்டைய குடுக்க ஆளில்லாம நிப்பான். அத பாத்து நான் அழுதுட்டேன், சிரிக்காதீங்க. புத்தாண்டு லீவுல ஊரே டிவி முன்னால இருக்கும், அதனால சின்ன காலேஜ்கூட ஒரே நாள்ல நாடு முழுக்க தெரிஞ்சிரும், விளம்பரத்துக்கு இதவிட என்ன வேணும்.

இத 1920-ல ஆரம்பிக்க முன்னால நின்ன கனகுரி ஷிசோ 1912 ஸ்டாக்ஹோம் மாரத்தான்ல வெயில்ல மயங்கி, போட்டி நடத்துனவங்களுக்கு தகவல் இல்லாம ஊருக்குப் போயிட்டாரு. 1967-ல மறுபடி ஸ்டாக்ஹோமுக்கு கூப்பிட்டு முடிவுக் கோட்ட தாண்ட வச்சாங்க. 54 வருஷ மாரத்தான்!

நாஞ்சில்_வாசகன்:
விளம்பரம்னு மட்டும் சொல்லி முடிச்சிராதீங்க அக்கா. முன்ன இம்பீரியல் யுனிவர்சிட்டியா இருந்த டோக்கியோ யுனிவர்சிட்டி, வசேடாவும் கெய்யோவும் ஆடுற அதே பேஸ்பால் லீக்ல 94 மேட்ச் வரிசையா தோத்து 2015-லதான் ஒண்ணு ஜெயிச்சுது, அவங்களுக்கு எதுக்கு விளம்பரம்? ஆனாலும் ஆடுகாங்க. 1943 அக்டோபர்ல மாணவர்கள பட்டாளத்துக்கு அனுப்புறதுக்கு முன்னால வசேடாவும் கெய்யோவும் கடைசியா ஒரு மேட்ச் ஆடினாங்க, ஆடினதுல சிலபேரு திரும்பி வரல. இத எந்த கணக்குல சேப்பீங்க?

இலக்கியமும் அப்பிடித்தான். 1969 ஜனவரியில டோக்கியோ யுனிவர்சிட்டி யசுதா மண்டபத்த போராட்டம் பண்ணின இடதுசாரி மாணவர்கள் பிடிச்சு வச்சிருக்க, போலீஸ் புகுந்து, அந்த வருஷ அட்மிஷன் பரீட்சையே ரத்து. மே மாசம் அதே இடதுசாரி மாணவங்க வலதுசாரி எழுத்தாளர் மிஷிமாவ கூப்பிட்டு மேடையில நேருக்கு நேரா வாதம் பண்ணாங்க, அவரும் அதே காலேஜ்ல சட்டம் படிச்சவருதான். இங்க எதிர்க்கட்சி ஆள காலேஜ் மேடையில ஏத்த விடுவாங்களா?

மார்த்தாண்டம்காரன்:
கொள்ளாம், எல்லாருக்கும் நன்றி. ஆனா பய ஓட்டப்பந்தயத்துலயும் சேரணும்னு சொல்லுகான், முடியுமா?

குளச்சல்_அக்கா:
ஹகோனேல ஓடுறவன பெரும்பாலும் ஹைஸ்கூல்லயே பொறுக்கி எடுத்திருவாங்க தம்பி. மோன மொதல்ல பாஷைய படிக்கச் சொல்லு. ரோட்டோரம் நின்னு கொடி ஆட்டுறதுக்கு டிக்கெட்டும் வேண்டாம்.