பொருள்: லிப்போடாக்சிசிட்டி – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்

பாளையங்கோட்டை ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். செவிலிய மாணவிகளுக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இந்த ஒரு சொல்லில் மூன்று நாளாக நிற்கிறேன். பால்மிட்டிக் போன்ற நிறைவுற்ற (சாச்சுரேட்டட்) கொழுப்பு அமிலங்கள் இரத்தத்தில் நெடுநாள் மிகுந்திருந்தால், கணையத் திட்டுகளில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் முதலில் தளர்கின்றன, பிறகு மடிகின்றன. கூடவே சர்க்கரையும் ஏறியிருந்தால் செல் கொழுப்பை எரிப்பது குறைந்து, சேதம் கூடுகிறது. இந்தக் கேட்டைத்தான் லிப்போடாக்சிசிட்டி என்கிறார்கள். 'கொழுப்பு நச்சுத்தன்மை' என்று எழுதினேன். "அப்போ எண்ணெயில விஷம் கலந்திருக்கா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டாள்.

அம்பாசமுத்திரம் புலவர்:

தங்கச்சி, 'தன்மை' வெறும் வால். 'கொழுநஞ்சு' என்று ஒரே சொல்லாகக் கட்டுங்கள். பால்மிட்டிக்கையும் அப்படியே விடவேண்டாம். 1840இல் பிரெஞ்சு வேதியியலாளர் பிரெமி அதைப் பனை எண்ணெயிலிருந்து பிரித்ததால் வந்த பெயர் அது. காடி என்றால் அமிலம். 'பனங்காடி' என்றாலே போதும்.

உடன்குடியிலிருந்து:

அண்ணாச்சி, மன்னிக்கணும். எங்கள் பக்கம் பனங்காடி என்றால் கள் புளித்த காடி, ஊறுகாய்க்கு ஊற்றுவது. பிரெமி எடுத்தது எண்ணெய்ப்பனை. நம் தேரிப்பனை வேறு மரம். ரேஷன் பாமாயிலில் பால்மிட்டிக் ஏறத்தாழ 44 விழுக்காடு. அந்தப் பழியைப் பதநீர் மரத்தின்மேல் போடலாமா? பனையேறிகள் பட்டது போதும். இன்னொன்று: கொழுமீன் என்றால் கொழுத்த மீன். அப்படியானால் கொழுநஞ்சு என்பது கொழுத்த நஞ்சு. கொழுப்பால் வந்த நஞ்சு என்ற பொருள் அதில் எங்கே?

தென்காசி மருத்துவர்:

எனக்கு 'நஞ்சு' என்பதிலேயே உடன்பாடில்லை. பால்மிட்டிக்கை நம் உடம்பே செய்கிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த பீட்டா செல்களுக்கு அதையே மிகுதியாகக் கொடுத்தால், இன்சுலினுக்கு முந்தைய புரதம் மடங்கி உருப்பெறும் எண்டோபிளாச வலை திணறுகிறது, செராமைடு என்ற கொழுப்புப் பொருள் சேர்கிறது, கடைசியில் செல் தன்னையே முடித்துக்கொள்கிறது. ஒரு இரட்டைப்பிணைப்பு உள்ள ஒலியிக் அமிலத்தைக் கூடச் சேர்த்தால் பெருமளவு தப்பிக்கிறது. பால்மிட்டிக்கைத் துளித்துளியாகக் கட்டி ஓரம் வைக்க ஒலியிக் உதவுகிறது. ஆக, பொருளின் விடத்தைவிட, செல் அதைக் கட்டிவைக்க முடியாமல் போவதுதான் கேடு. நம் ஊரில் நெய் வடியும் அல்வா அளவு மீறினால் என்ன சொல்கிறோம்? திகட்டுது என்கிறோம். 'கொழுப்புத் திகட்டு' என்றால் நோயாளிக்கும் புரியும்.

பாளையங்கோட்டை ஆசிரியை:

டாக்டர் ஐயா, சொல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஆனால் வகுப்பில் சிக்கும். 'தெவிட்டிய கரைசல்' (சாச்சுரேட்டட் சொல்யூஷன்) என்று பள்ளிப் புத்தகத்தில் படித்துவிட்டு வருகிறார்கள். தெவிட்டுவதும் திகட்டுவதும் அவர்களுக்கு ஒன்றுதான். நிறைவுற்ற என்பதையும் இந்தக் கேட்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள். திகட்டினால் நாக்கு நிறுத்தச் சொல்லும். பீட்டா செல் மடிவதை யாரும் உணர்வதில்லை. அந்த வேறுபாடு பிள்ளைகளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

உடன்குடியிலிருந்து:

'கொழுப்பு நச்சுமை' என்று போட்டு, கீழே ஒரு வரி விளக்கம் கொடுத்துவிடுங்கள்.

பாளையங்கோட்டை ஆசிரியை:

வியாழன் இரவு பத்தரை. தனிமடலில் வந்ததையும் சேர்த்து நச்சுமைக்கு ஐந்து பேர், திகட்டுக்கு இரண்டு. நச்சுமை என்றே அனுப்புகிறேன். விளக்கம்: "கொழுப்பு அமிலம் மிகுந்து தங்குவதால் செல்லுக்கு வரும் கேடு, எண்ணெயில் கலந்த விடம் அன்று." பால்மிட்டிக் பால்மிட்டிக்காகவே இருக்கட்டும்.

அம்பாசமுத்திரம் புலவர்:

பனங்காடியை விட்டுவிட்டேன், உடன்குடித் தம்பி சொன்னது சரி. நச்சுமைக்கு மட்டும் என் மறுப்பைக் குறித்துவையுங்கள். நச்சுதல் என்றால் விரும்புதல். நச்சினார்க்கினியர் பெயரில் இருப்பது அந்த நச்சுதான். கொழுப்பு நச்சுமை என்பதைக் கொழுப்பின்மேல் உள்ள ஆசை என்று ஒரு பிள்ளை படித்தால், தவறு என்று என்னால் அடிக்க முடியாது.