கூட வேலை பாக்குற அக்கா பேஷண்டுக்குள்ள மருந்த களவா எடுக்குதாங்களோன்னு சந்தேகம், சொல்லவா வேண்டாமா?

மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். ஆபரேஷன் முடிஞ்சு வாறவங்களுக்கு வலி நிக்க மார்ஃபின் ஊசி உண்டு, ஒரு சீனியர் அக்கா நைட் டூட்டில இருந்தா மட்டும் சார்ட்ல 2 மணிக்கு போட்டாச்சுன்னு இருக்கு ஆனா பேஷண்ட் விடியுற வரைக்கும் முனங்கிட்டு கிடக்காரு, மிச்சம் பாதி ஆம்பூல (ஊசி மருந்து குப்பி) கொட்டியாச்சுன்னு என்கிட்ட சாட்சி கையெழுத்து கேக்காங்க, கொட்டுனத நான் பாக்கவே இல்ல. எனக்கு வேலை சொல்லித்தந்ததே அவங்கதான்...

தக்கலைக்காரன்: மக்ளே முதல்ல அந்த கையெழுத்த நிப்பாட்டு, பாக்காம போட்டா நீயும் கூட்டு ஆக்கும். மார்ஃபின் என்ன பாராசிட்டமாலா? 1985 போதைப்பொருள் சட்டத்துல வாற மருந்து, ஒவ்வொரு ஆம்பூலுக்கும் ரெஜிஸ்டர்ல கணக்கு நிக்கணும்.

குளச்சல்பிள்ளை: பாவம்பா, தனியா கூப்பிட்டு கேட்டுப் பாரேன். கேஸ்னு ஆனா குடும்பமே போச்சு.

ரிட்டயர்டு சிஸ்டர்: தனியா கேக்காண்டாம், பழிய உன் தலைலயே கட்டிருவாங்க. திருடின்னும் எழுதாத, டாக்டர் டோஸ் கம்மியா எழுதியிருந்தாலும் வலி நிக்காது. தேதி, நேரம், பெட் நம்பர், நீ கண்ணால பாத்தது, அவ்ளோதான் எழுதி நர்சிங் சூப்பரண்ட் கைல குடு, காப்பி வச்சுக்க. வார்டுல வாய் திறக்காத. அவளே குத்திக்கிடுதான்னா டோஸ் கூடுனா மூச்சே நின்னுரும், மறைச்சா அவளுக்கும் நல்லதில்ல பாத்துக்க.

கேட்டவள்: காலைல சூப்பரண்ட பாக்கேன் சிஸ்டர். இன்னைக்கு நைட் கையெழுத்து கேட்டா என்ன சொல்ல?

ரிட்டயர்டு சிஸ்டர்: என் முன்னாடி கொட்டுங்கக்கா, போடுதேன்னு சொல்லு.