இருபது மாதம் எம்எல்ஏ இல்லாமல் இருந்தோம், எதுவும் குறையவில்லை. அப்புறம் எதற்கு ஓட்டு?

முருங்கைக்காட்டான் (கேள்வி)

வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 52 வயது. அரவக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நாலரை ஏக்கர், முழுக்க முருங்கை. ஏழெட்டு வெள்ளாடு. எந்தக் கட்சியிலும் கார்டு கிடையாது. அப்பா எம்ஜிஆர் பக்தர், மாமனார் வீடு கலைஞர் வீடு. நோம்பிக்குப் போனால் அங்கே அரசியல் பேசக் கூடாது என்பது கல்யாணமான வருடமே என் சம்சாரம் போட்ட சட்டம்.

1991லிருந்து ஒரு தேர்தலைக்கூட நான் விட்டதில்லை. ஆனால் போன வாரம், இந்த 2025 பிப்ரவரியில், ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் முடிவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அடுத்த வருடம் சட்டமன்றத் தேர்தலுக்கு நான் போவேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அங்கே அதிமுகவும் பாஜகவும் நிற்கவே இல்லை. நோட்டாவுக்கு ஆறாயிரம் ஓட்டு.

எங்கள் தொகுதிக் கதை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். 2016 மே 16 அன்று தமிழ்நாடே ஓட்டுப் போட்டது. நாங்களும் தஞ்சாவூர்க்காரர்களும் மட்டும் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தோம். பணப் பட்டுவாடா அளவு மீறிவிட்டது என்று தேர்தல் ஆணையம் முதலில் ஒரு வாரம் தள்ளிவைத்தது, அப்புறம் ஜூன் 13 என்றது, கடைசியில் அறிவிப்பையே ரத்து செய்தது. நவம்பர் 19 அன்று ஒருவழியாகத் தேர்தல் நடந்தது. செந்தில் பாலாஜி இரட்டை இலையில் நின்று ஜெயித்தார்.

வருடம் திரும்பவில்லை. 2017 செப்டம்பர் 18 அன்று தினகரன் பக்கம் இருந்த 18 எம்எல்ஏக்களைச் சபாநாயகர் தகுதிநீக்கம் செய்தார். எங்கள் எம்எல்ஏ அதில் ஒருவர். அந்த அணி புதுச்சேரி, குடகு என்று ரிசார்ட் ரிசார்ட்டாகத் தங்கியதை நாங்கள் டிவியில் பார்த்தோம். பிறகு வழக்கு, தீர்ப்பு, காத்திருப்பு. 2019 மே 19 அன்று இடைத்தேர்தல். அதற்குள் அவர் திமுகவில் சேர்ந்திருந்தார். அதே தொகுதி, அதே ஆள், இந்த முறை உதயசூரியன். வித்தியாசம் 37,000ஐத் தாண்டியது, முந்தையதைவிட அதிகம். அவரை எதிர்த்து இரட்டை இலையில் நின்று தோற்றவர், 2024 நாடாளுமன்றத் தேர்தலில் கரூரில் தாமரையில் நின்றார்.

அப்பா அப்போது உயிரோடு இருந்தார். பூத்துக்கு நான்தான் டிவிஎஸ் எக்ஸெல்லில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். வழியில் கேட்டார்: "ஆளுக்குப் போடறதா, எலைக்குப் போடறதா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் இலைக்கே போட்டுவிட்டு வந்தார். திரும்பி வரும்போது, "போன தடவ இவருக்குப் போட்டேன், இப்ப இவர எதுத்துப் போட்டேன், ரெண்டும் எலைக்குத்தான்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது என் கணக்கு. 2016 மே முதல் நவம்பர் வரை ஆறு மாதம், 2017 செப்டம்பர் முதல் 2019 மே வரை 20 மாதம். ஐந்து வருடத்தில் 26 மாதம் எங்களுக்கு எம்எல்ஏ கிடையாது. போதாததற்கு 2016 அக்டோபரோடு ஊராட்சிகளின் பதவிக்காலமும் முடிந்து, 2019 டிசம்பரில்தான் அடுத்த தேர்தல் வந்தது. அதாவது மேலேயும் ஆளில்லை, கீழேயும் ஆளில்லை. ரேஷன் அரிசி வந்தது. ரோடு குண்டும் குழியுமாக இருந்தது, அதற்கு முன்பும் அப்படித்தான். மார்கழியில் மரத்தில் காய் இல்லாதபோது விலை ஏறியது, சித்திரையில் காய்த்துக் கொட்டியபோது பறிகூலிக்குக்கூட கட்டவில்லை. ஒரு வித்தியாசமும் தெரியாமல் அந்த 20 மாதமும் ஓடிவிட்டதுதான் எனக்கு உறுத்துகிறது.

அன்றைக்கு எதிர்க்கட்சியாக இருந்துகொண்டு "உள்ளாட்சித் தேர்தலை நடத்து" என்று கேட்ட திமுகவினர் 2021ல் ஆளுங்கட்சி ஆனார்கள். இந்த 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு எங்கள் ஊராட்சியின் பதவிக்காலம் மறுபடி முடிந்தது. மறுபடி, தலைவருக்குப் பதிலாக அரசு அதிகாரி ஒருவர் பார்க்கும் தனி அலுவலர் நிர்வாகம்.

ஓட்டுக்குப் பணக் கவர் வாங்கினாயா என்று கேட்பீர்கள். ஒரு தேர்தலில் வாங்கினோம். எந்தத் தேர்தல், யார் கொடுத்தது என்று இங்கே எழுதமாட்டேன். கிணற்று மோட்டாரின் காயில் (கம்பிச்சுருள்) எரிந்து கிடந்தது, அதைக் கட்டக் கொடுத்தோம். அதே தேர்தல் சமயத்தில் காய் விற்ற பணம் 68,000 ரூபாயை வண்டியில் எடுத்துவந்தேன் என்று சோதனைக் குழு வழிமறித்தது. ரசீதைக் காட்டி, அலைந்து, வாங்கி வரப் பத்து நாள் ஆனது. வீடு வீடாக வந்த கவரை மட்டும் யாரும் வழிமறிக்கவில்லை.

நான் கேட்பது இதுதான். ஆளுங்கட்சி சரியில்லை என்றால் எதிர்க்கட்சிக்குப் போடு என்கிறார்கள். எங்கள் ஊரில் இரண்டுக்கும் ஒரே ஆள். அப்போது நான் எதற்கு எதிராக ஓட்டுப் போடுகிறேன்? நோட்டாவை அழுத்தினால் ஏதாவது நடக்குமா, இல்லை அதுவும் வெறும் பட்டன்தானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஐடி விங் ஆட்கள் தயவுசெய்து வேறு பதிவுக்குப் போங்கள்.

கடைசிபெஞ்ச்

அண்ணா, ரொம்ப யோசிக்காதீங்க. 2026ல் விஜய்க்குப் போடுங்க. ரெண்டு பேருக்கும் ஒரு ஷாக் ட்ரீட்மென்ட். விக்கிரவாண்டி மாநாட்டுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தீங்களா?

முருங்கைக்காட்டான்

தம்பி, என் மகனும் இதையேதான் சொல்கிறான். அவனுக்கு அடுத்த வருடம் முதல் ஓட்டு. நான் தடுக்கமாட்டேன்.

ஆனால் 2006ல் நானும் இதே ஷாக் கொடுக்கத்தான் முரசுக்குப் போட்டேன். தனியாக நின்று 8 சதவீதத்துக்கு மேல் வாங்கினார் விஜயகாந்த். அடடா, ஒரு வழி பிறந்தது என்றிருந்தேன். 2011ல் அதிமுகவோடு கூட்டணி சேர்ந்து 29 இடம், எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலி. கொஞ்ச நாளில் அவர் எம்எல்ஏக்களே ஒவ்வொருவராக ஆளுங்கட்சிப் பக்கம் சாய்ந்தார்கள். 2016ல் ஒரு இடம்கூட இல்லை, உளுந்தூர்பேட்டையில் அவருக்கே டெபாசிட் போனது. அந்த மனிதர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. இறந்த செய்தி வந்த அன்று காட்டு வேலைக்குப் போகவில்லை. ஆனால் புதுக் கட்சி என்றாலே கை தானாகப் போகும் வயசு எனக்குத் தாண்டிவிட்டது.

தையல்மிஷின்

அண்ணா, நான் கரூரில் ஹோம் டெக்ஸ்டைல் கம்பெனியில் டெய்லர். உங்கள் பதிவைச் சாப்பாட்டு நேரத்தில் முழுக்கப் படித்தேன். எல்லாரும் ஒன்றுதான், ஒன்றும் மாறவில்லை என்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

2021 மே மாதம் வரை நான் வேலைக்குப் போய் வர ஒரு நாளைக்கு 34 ரூபாய் டிக்கெட். இப்போது டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 26 நாள் வேலை என்றால் பெருக்கிப் பாருங்கள். மகளிர் உரிமைத் தொகை மாசம் ஆயிரம் ரூபாய் 2023 செப்டம்பரில் இருந்து என் அக்கவுன்டில் ஏறுகிறது. இது ஒரு ஆட்சி. இதற்கு முந்தைய ஆட்சியில் என் தம்பி பிளஸ் டூ படித்தபோது லேப்டாப் கொடுத்தார்கள், அதை வைத்துத்தான் அவன் கணக்கு எழுதக் கற்றுக்கொண்டு இன்றைக்கு ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறான். என் மகளுக்கு லேப்டாப் கிடைக்கவில்லை. ஆட்சி மாறினால் ஒன்று வருகிறது, ஒன்று போகிறது. எங்கள் வீட்டில் அது தெரிகிறது. உங்கள் வீட்டிலும் தெரிந்திருக்கும், சம்சாரத்திடம் கேட்டீர்களா?

அதற்காக நான் எந்தக் கட்சிக்கும் கொடி பிடிக்கவில்லை. மாதாமாதம் கரண்ட் கணக்கெடுப்போம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் சொன்னார்கள், இன்னும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். நடுவில் 2022ல் கட்டணத்தையும் ஏற்றினார்கள். மறக்கவில்லை, எழுதி வைத்திருக்கிறேன்.

நேர்கோடு

காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்டவர் ஜனநாயகத்தைப் பற்றிக் கேள்வி கேட்கிறார். நல்ல தமாஷ்.

ஓய்வுவாத்தியார்

நேர்கோடு, அவர் வாங்கியதை ஒத்துக்கொண்டாவது பேசுகிறார். நான் 31 வருடம் வாத்தியார் வேலை பார்த்தேன், ஒன்பது தேர்தலில் வாக்குச்சாவடி தலைமை அலுவலராக உட்கார்ந்திருக்கிறேன். வாங்காத தெருவை எனக்குக் காட்டுங்கள், வந்து மாலை போடுகிறேன்.

முருங்கைக்காட்டான், முதலில் நோட்டா. அதற்கு முன்னால் 49-ஓ என்று ஒரு விதி இருந்தது, இன்றும் புத்தகத்தில் இருக்கிறது. யாருக்கும் ஓட்டில்லை என்பவர் என்னிடம் வந்து சத்தமாகச் சொல்ல வேண்டும், 17ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் நான் குறிப்பு எழுதி அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஒருமுறை ஒரு பையன் வந்து கேட்டான். பெஞ்சில் இருந்த கட்சி ஏஜென்ட் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்திருக்கும். ரகசியம் போகிறது என்றுதான் பியூசிஎல் என்ற மனித உரிமை அமைப்பு வழக்குப் போட்டது, 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் தனிப் பட்டன் வைக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் அந்த டிசம்பரில் ஏற்காடு இடைத்தேர்தலில்தான் முதலில் வந்தது.

ஆனால் நீங்கள் கேட்டதற்கு நேர்பதில்: நோட்டாவால் யாரையும் தோற்கடிக்க முடியாது. நோட்டா முதலிடம் வந்தாலும் அடுத்த இடத்தில் இருப்பவர் ஜெயித்தவர். டெபாசிட் கணக்கிலும் அது சேராது. 2024ல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் மனுவை வாபஸ் வாங்கிவிட்டு பாஜகவில் போய்ச் சேர்ந்தார். கோபத்தில் ஜனங்கள் நோட்டாவுக்கு 2,18,674 ஓட்டுப் போட்டார்கள். பாஜக வேட்பாளர் 11 லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் எம்பி ஆனார். கோபம் கணக்கில் ஏறியது, அவ்வளவுதான்.

அடுத்து, அந்த 20 மாதத்தில் ஒன்றும் குறையவில்லை என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. உங்களுக்குத் தெரியாமல் குறைந்தது. நிதிக்குழு மானியம் என்று மத்திய அரசிலிருந்து ஊராட்சிக்கென்று வரும் பணம் ஒன்று உண்டு. தேர்ந்தெடுத்த பிரதிநிதி இல்லாத ஊராட்சிக்கு அது கிடையாது. 2016க்கு அப்புறம் தமிழ்நாட்டுக்கு அந்தப் பணம் நின்றுபோனது. உங்கள் ரோட்டுக் குழி பழைய குழியாகவே இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தலைவர் இருந்திருந்தால் அவர் வீட்டு வாசலில் போய் நின்று சண்டை போட்டிருப்பீர்கள். தனி அலுவலர் வீடு எங்கே இருக்கிறது, தெரியுமா?

நியாயத்துக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2016 தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது; பழங்குடியினர் ஒதுக்கீடு சரியில்லை என்று அந்த வழக்கைப் போட்டதே திமுகதான். அதன் பிறகு மூன்று வருடம் இழுத்தது அன்றைய அதிமுக அரசு. இப்போது, 2021 அக்டோபரில் தேர்தல் நடந்த ஒன்பது மாவட்டங்களுக்கு 2026 வரை பதவிக்காலம் இருக்கிறது, ஊராட்சிகளை நகரங்களோடு இணைக்கும் வேலை நடக்கிறது என்று காரணம் சொல்கிறார்கள். காரணம் எப்போதும் இருக்கும். ஐந்து வருடம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் 243-இ பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

கட்சி மாறுவதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். சட்டப்படி தகுதிநீக்கமானவர் மறுபடி நிற்கலாம். நிற்கவைத்ததும் ஜெயிக்கவைத்ததும் யார் என்று உங்கள் தொகுதிக்காரர்களைத்தான் கேட்க வேண்டும். 37,000 வித்தியாசம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கிராம சபைக்குப் போயிருக்கிறீர்களா? இப்போது வருடத்துக்கு ஆறு. ஜனவரி 26 போய்விட்டது, அடுத்தது மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம்.

முருங்கைக்காட்டான்

வாத்தியார் ஐயா, கடைசியில் என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டீர்கள். வாங்கிக்கொள்கிறேன். நிதி நின்றுபோன விஷயம் நிஜமாகவே எனக்குத் தெரியாது. எட்டு வருடமாக ஒன்றும் குறையவில்லை என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

தையல்மிஷின் தங்கச்சி, நீங்கள் சொன்னபடி சம்சாரத்திடம் கேட்டேன். ஆயிரம் ரூபாயில் ஐந்நூறை மகளிர் குழுவில் கட்டுகிறாளாம், மீதி பால்காரருக்கு. ஒன்றரை வருடமாக. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், "நீங்க எங்க கேட்டீங்க" என்கிறாள். அவள் 2026ல் யாருக்குப் போடுவாள் என்று மட்டும் சொல்லமாட்டேன் என்கிறாள். அப்பா வீட்டு ஆளாச்சே, எனக்குத் தெரியாதா.

இரண்டு சின்னத்திலும் ஒரே ஆள் நின்று ஜெயித்த விஷயத்தில் இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை. அதற்கு இங்கே யாரும் பதில் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது போலிருக்கிறது.

நேர்கோடு, நீங்கள் சொன்னது சரிதான். மோட்டார் இன்றும் ஓடுகிறது, தண்ணீர் எடுத்துவிடும்போதெல்லாம் ஞாபகம் வரும்.

மார்ச் 22 கிராம சபைக்குப் போகிறேன். எங்கள் தெருக்கோடி மேல்நிலைத் தொட்டியைக் கழுவி எத்தனை மாதம் ஆனது என்று கேட்கப்போகிறேன். ஒரே சந்தேகம். இதற்கு முன்னால் தலைவர் வீட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், தண்டோராவும் போடுவார்கள். இப்போது தலைவர் இல்லையே, கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்று யாரைக் கேட்பது?