கல்லுக்கு முன்னால நிண்டு வாசிக்கேக்க: வரலாறு, கலை வரலாறு படிக்கிற ஆக்கள் எழுதுங்கோ

தீவான்:
நயினாதீவு அம்மன் கோயில் கல்வெட்டு. பொலனறுவை அரசன் முதலாம் பராக்கிரமபாகுவின்ர (1153–1186) தமிழ்க் கட்டளை, ஊர்காவற்றுறைக்கு வாற கப்பல்களைப் பற்றினது. புதுசா வாசிக்கிற பிள்ளையள் இடறுறது எழுத்தில. அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில 'ர'வும் காலும் ஒரே கோடுதான். புள்ளி அநேகமா இராது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம். ஒரு சொல்லை நாலு விதமா வாசிச்சுப் பாத்து, பொருள் பொருந்துறதை எடுக்கவேணும்.

ஆனை குதிரை ஏத்தின கப்பல் உடைஞ்சால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கு (அரச கருவூலத்துக்கு), மிச்ச மூண்டும் உடையவனுக்கு. வேற சரக்கெண்டால் சரிபாதி. அந்த 'நாலிலொண்டு' பிடிபடுற நேரம் இருக்கே, வெறும் கீறலாக் கிடந்த கல்லில ஊர்காவற்றுறைத் துறைமுகமே எழும்பி வரும். அரசனுக்கு ஆனையும் குதிரையும் வேணும், கொண்டுவாறவனை வெருட்டேலாது. இதையெல்லாம் போட்டோவை வச்சு எழுதினால் பிழை வரும். மைப்படிதான் வழி.

மருதனாமடம்:
எழுத்துப் பற்றித் தீவான் சொன்னது முழுக்கச் சரி. மைப்படிதான் வழி எண்டதை ஒத்துக்கொள்ளேலாது. முதல்ல, தொல்லியல் திணைக்கள அனுமதி இல்லாமல் ஒருத்தரும் கல்லில கை வைக்கக்கூடாது. அனுமதி கிடைச்சாலும் பொழுதுபட்டபிறகு ரோச் லைற்றோட போங்கோ. கமராவை ஸ்ராண்டில கல்லுக்கு நேரா நிப்பாட்டி, அசைக்காமல், வெளிச்சத்தை மட்டும் கல்லோட ஒட்டினமாதிரிச் சரிச்சுப் பிடிக்கவேணும். இடம், வலம், மேல், கீழ் எண்டு நாலு படம். ஒரு படத்தில மறைஞ்ச கோடு மற்றதில நிழலோட தெரியும். பக்கத்தில ஒரு அடிமட்டம் வையுங்கோ.

மைப்படி எடுக்கத்தான் வேணுமெண்டால், கம்பிப் பிரஷ் வேண்டாம். மெல்லிய பிரஷால தண்ணி போட்டுக் கழுவி, நனைச்ச பேப்பரை விரிச்சு, நடுவில இருந்து ஓரத்துக்குத் தட்டிக் காத்தை வெளியேத்துங்கோ. அநேகம்பேர் கெடுக்கிறது இதுக்குப் பிறகுதான். பேப்பர் மினுங்குற ஈரத்தில மை ஒத்தினால் பள்ளத்துக்குள்ள ஊறி எழுத்தே மூடுபட்டுப்போம். மினுக்கம் போய் வெளிறினாப்பிறகு, மைப்பொதியை (மை தொட்ட துணிப்பொதியை) பழைய பேப்பரில ரெண்டுதரம் ஒத்திப்போட்டு மெல்லத் தொடுங்கோ. சோக்கால எழுத்தை நிரப்பிப் படமெடுக்கிறது வேண்டவே வேண்டாம். அதில தெரியிறது சோக் பிடிச்சவர் வாசிச்ச வாசிப்பு, கல்லில உள்ளது இல்லை. முருகைக்கல்லெண்டால் இயற்கையான பொட்டுக்குழியைப் புள்ளியெண்டு எண்ணிப்போடாதேங்கோ.

முத்திரைச்சந்தி:
கல்வெட்டை விடுங்கோ. நல்லூர்ச் சங்கிலியன் தோப்பு வளைவைப் பாத்தவுடன, யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிட்ட விழுந்த 1619க்கு முந்தினது எண்டு எழுதுறவை கனபேர். அந்த அரைவட்ட வளைவையும் சுவரோட ஒட்டின தூணையும் ஒருக்கா வடிவாப் பாருங்கோ, ஐரோப்பியச் சாயல் அப்பிடியே தெரியும். இடத்தின்ர பேர் ஒரு சான்று, கட்டடத்தின்ர உருவம் வேற சான்று. குறிப்புக் கொப்பியில ரெண்டையும் தனித்தனியா எழுதவேணும். யாழ்ப்பாணக் கோட்டையும் அப்பிடித்தான். போர்த்துக்கேயர் கட்டினது நாற்கோணம், 1658இல பிடிச்ச ஒல்லாந்தர் அதை ஐங்கோணமாக்கினவை.

தீவான்:
ரோச் வெளிச்சம் நல்ல வழிதான், மருதனாமடம், ஏற்கிறன். ஆனா தேய்ஞ்ச வரியில மைப்படியையும் படத்தையும் பக்கத்தில வச்சுத்தான் முடிவெடுக்கவேணும். படியெடுத்து எழுதேக்க கல்லில வரி முறியிற இடத்திலயே முறிச்சு, வரிக்கு இலக்கம் போடுங்கோ. ஊகிச்ச எழுத்து சதுர அடைப்புக்குள்ள, அழிஞ்சது புள்ளியா.